ஒரே சஹனில்

கல்முனையிலிருந்து பொலன்னறுவைக்குப் போன பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்ஸில் பிள்ளைகள் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். துணைக்கு வந்த தாய்மாரில் முஸ்பிறா மட்டும் முன் இருக்கையில் இருந்த பஹ்மிதாவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பஹ்மிதா அடுத்த வீட்டுக்காரி. அவள் வாசலுக்கு டைல்ஸ் பதித்தபோது முஸ்பிறாவுக்கு ஒரு கிழமை முழுக்கச் சோறு இறங்கவில்லை. இப்போது பராக்கிரம சமுத்திரம் என்ற பெரிய குளத்தைப் பற்றி எல்லாருக்கும் முன்னால் பேசும் வாய்ப்பும் அந்த வீட்டுக்கே போய்விட்டது. ஹாஜறா டீச்சர் அதைப் பஹ்மிதாவின் மகள் ஸம்றாவுக்குக் கொடுத்திருந்தார்.

“டீச்சர்ர கண்ணுக்கு நீ தெரியல்லயா?” என்று முஸ்பிறா தன் மகள் அப்ராவைக் கிள்ளினாள்.

“ஸம்றா நல்லாப் பேசுவா உம்மா. நாங்க சேந்துதான் பழகின.”

வழியில் தேநீருக்காக எல்லாரும் இறங்கினார்கள். ஸம்றாவின் இருக்கைக்குக் கீழே மடித்த தாள் ஒன்று கிடந்தது. மேலே ‘சமுத்திரம்’ என்ற தலைப்பு மட்டும் தெரிந்தது. முஸ்பிறா எடுத்துக் கொடுக்கத்தான் குனிந்தாள். ஆனால் கை அதைக் கைப்பைக்குள் வைத்துவிட்டது.

பொலன்னறுவையில் இறங்கியபோது குளக்கட்டில் காற்று அள்ளிக்கொண்டு போனது.

“டீச்சர், இதயா சமுத்திரமெண்டு சொல்ற? எங்கட கடல்ல இது ஒரு மூலைக்கும் காணாது!” என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். ஸம்றா சிரிக்கவில்லை. பையைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் தேடினாள். கண் நிறைந்துவிட்டது.

“அழாத கிளி. அப்ரா, ஒனக்குத் தெரியும்தானே, நீ வந்து சொல்லு,” என்றார் டீச்சர்.

மகளைப் படம் பிடிக்க முஸ்பிறா பட்டென்று போனைத் தூக்கிப் பிடித்தாள். அப்ரா முன்னால் போனாள். போய் ஸம்றாவின் கையைப் பிடித்து, காதுக்குள் முதல் வரியைச் சொன்னாள். ஸம்றாவுக்குக் குரல் வந்தது. அப்ரா ஒதுங்கி நின்றாள். முடிந்ததும் முதலில் கைதட்டியவளும் அவள்தான். முஸ்பிறாவின் போன் கீழே இறங்கியது.

பகல் சாப்பாட்டுக்கு மரநிழலில் பாய் விரித்து, ஐந்தைந்து பேருக்கு ஒரு சஹன் வைத்தார்கள். ஒரே தட்டில் சோறு, நடுவில் இறைச்சி. முஸ்பிறாவுக்குப் பக்கத்தில் பஹ்மிதா வந்து குந்தினாள். நல்ல துண்டாகப் பார்த்து முஸ்பிறாவின் பக்கம் நகர்த்தினாள்.

“எடுங்க ராத்தா. ஒங்கட புள்ள இல்லாட்டி எண்ட புள்ள அழுதுக்கிட்டே நிண்டிரிக்கும். அல்லாஹ் அவக்கு பறக்கத் செய்யட்டும்.”

மகளுக்காகக் கேட்ட அந்தத் துஆ முஸ்பிறாவின் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. பிசைந்த சோறு கையிலேயே நின்றது. இடக்கையால் கைப்பையைத் திறந்து தாளை எடுத்துப் பஹ்மிதாவின் முன்னால் வைத்தாள்.

“நான்தான் ஒளிச்ச தங்கச்சி. பொறாம. மன்னிச்சிக்க.”

சஹனைச் சுற்றி எல்லாக் கைகளும் நின்றன. பஹ்மிதாவின் முகம் கறுத்தது. தாளைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு முஸ்பிறாவின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“இது ஆர்ர எழுத்தெண்டு பாருங்க ராத்தா.”

உருண்டை உருண்டையான எழுத்து. அப்ராவின் எழுத்து. தோழிக்காகத் தன் மகள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததைத்தான் அவள் ஒளித்து வைத்திருந்தாள்.

பஹ்மிதா பெருமூச்சு விட்டு, இறைச்சித் துண்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். “தின்னுங்க, ஆறப் போகுது.”

முஸ்பிறா எழுந்து போய் ஸம்றாவிடமும் மன்னிப்புக் கேட்டாள். பிறகு மகளை அணைத்துக்கொண்டு சொன்னாள்:

“அடுத்த வீட்டுப் புள்ளைக்குக் கெடைக்கிறதால எண்ட புள்ளைக்கு ஒண்டும் கொறயாது மகள். அது கொறயுமெண்டு நெனச்சி, நான் ஒண்ட ஒழைப்பத்தான் மறச்சிப்போட்டன்.”