இடுப்பில் வைத்த குங்குமம்

"துடையும் எண்டு சொல்லுறன்!"

"தொடைக்க மாட்டேன்க்கா, வச்ச பொட்ட..."

"பன்னிரண்டரைக்கு அந்த மனிசி வந்து நிக்கும், கேக்குதா உமக்கு..."

"வச்ச பொட்ட அழிக்கிறது எங்க பக்கம் ஆகாதுக்கா! அதுவும் கல்யாணத்த வச்சுக்கிட்டு!"

கத்தாரில், தோஹாவின் நஜ்மா பகுதியில் படங்களுக்குச் சட்டம் போடும் அந்தக் கடையில் பதினோரு வருஷமாகக் கல்லாவில் இருப்பவள் யாழ்ப்பாணத்துப் பத்மாசனி. இப்படி ஒரு மல்லுக்கட்டு அவளுக்குப் புதிது. சோலையப்பன் அங்கே சட்டம் போடுகிறவன், காளையார்கோவில் பக்கத்துக்காரன், வேலையில் படுசுத்தம். நாலரை வருஷம் கழித்து லீவு கிடைத்து, சாயங்காலம் ஆறு மணிப் பிளைட்டில் ஊருக்குப் போகிறான். வியாழக்கிழமை அவனுக்குக் கல்யாணம். கட்டிய பெட்டி கதவோரம் நின்றது.

"கடைசி வேலைல ஏதாவது குறை வந்துச்சு, லீவு கலாஸ், அவ்வளவுதான்" என்று முதலாளி விஜயபாஸ்கர் காலையில்தான் மிரட்டிவிட்டுப் போயிருந்தார்.

அந்தக் கடைசி வேலை மேசையில் கிடந்தது. வெகு பழைய அச்சுப்படம். பழுப்பேறிய காகிதத்தில் ஊசியால் கீறினாற்போலக் கருங்கோடுகள். தலை இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பாம்புகள் மூக்கோடு மூக்கு முட்டின. கழுத்தில் வெட்டிய கைகளும் இதயங்களும் கோத்த மாலை. இடுப்பில் ஒரு மண்டையோடு. பாவாடை முழுக்கப் பாம்பு. காளியாத்தாதான், சோலையப்பனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஊரில் அவன் தொழில் பழகிய கடையில் சாமி படத்தை மொட்டையாகக் கொடுக்கவே மாட்டார்கள். கண்ணாடிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்துத்தான் கொடுப்பார்கள். அவனும் வைத்துவிட்டான்.

"முகம் எங்க இருக்கெண்டே தெரியாமல் இடுப்பில கொண்டுபோய் வச்சிருக்கிறீரே, உமக்கென்ன விசரே?"

"முழிச்சுப் பாக்குற மூஞ்சி அது ஒண்ணுதானக்கா இருக்கு. பாம்புக்கா வைக்கச் சொல்றீங்க?"

பத்மாசனிக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. அடக்கிக்கொண்டு ஈரத்துணியை எடுத்தாள். அவன் படத்துக்குக் குறுக்கே இரண்டு கைகளையும் விரித்து நின்றான். அந்தக் கோலத்தில்தான் கதவைத் தள்ளிக்கொண்டு எலெனா வந்தார். மெக்சிக்கோக்காரர், அறுபது வயதிருக்கும், படத்துக்குச் சொந்தக்காரர்.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நிமிரவே இல்லை.

"யார் செய்தது இது?" என்றார் ஆங்கிலத்தில்.

பத்மாசனி ஈரத்துணியோடு முன்னால் வந்தாள். "இரண்டு நிமிஷம் மேடம், துடைத்துத் தருகிறேன்."

"தொடாதீர்கள்!" எலெனா நிமிர்ந்தார். "இவள் யார் என்று அவருக்குத் தெரியுமா? ஆஸ்தெக் மக்களின் மரண தேவதை."

கல்யாண மாப்பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? பத்மாசனி இழுத்து இழுத்துச் சொன்னாள். "தம்பி, இது உம்மட காளியாத்தா இல்லையாம். மெக்சிக்கோ நாட்டில... சாவுக்கெண்டு இருக்கிற தெய்வமாம்."

சோலையப்பன் படத்தைப் பார்த்தான். எலெனாவைப் பார்த்தான்.

"அதனால என்னக்கா? எங்க காளியாத்தா மட்டும் மண்டையோட்ட மாட்டிக்கிட்டுத் தாலாட்டா பாடுறா? கும்புட்டா காப்பாத்துவா. அந்தம்மாட்ட அப்புடியே சொல்லுங்க!"

அப்படியே சொன்னாள். எலெனா கையைத் தட்டிச் சிரித்தார், கண்ணில் நீர் முட்டும் வரை சிரித்தார்.

"இருபது வருஷம் என் வீட்டுச் சுவரில் இருந்தாள். பார்த்தவர்கள் ஒன்று பயந்தார்கள், இல்லை விலை கேட்டார்கள். மரியாதை செய்த முதல் ஆள் இவர்தான்!"

சோலையப்பன் படத்தைக் கைக்குழந்தை போலத் தூக்கிப்போய்க் காரின் பின்சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டும் போட்டுவிட்டான். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்த பத்மாசனிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. லீவு தப்பியது!

எலெனாவின் கார் போன கொஞ்ச நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. விஜயபாஸ்கர்.

"பத்மாசனி! என்ன மாயம் பண்ணுனான் அவன்? அந்தம்மா கார்ல போய்க்கிட்டே பேசுறாங்க! நாளன்னைக்கு அவங்களோட பத்து நாள் கண்காட்சி ஆரம்பம், நாப்பது படத்தையும் நாளைக்கு அவன் கையாலதான் மாட்டணுமாம்! கடைக்கு யோகம்தான் போ! டிக்கெட்ட பத்து நாள் தள்ளிப் போடச் சொல்லு."

"சேர், வியாழக்கிழமை அவருக்குக் கலியாணம்..."

"கல்யாணத்த தள்ளலாம், கண்காட்சிய தள்ள முடியுமா? போன அவன்ட்ட குடு."

சோலையப்பன் வேர்த்த முகத்தில் பல்லெல்லாம் தெரிய உள்ளே வந்து பெட்டியைத் தூக்கினான். வாசலில் அவனுக்குச் சொல்லி வைத்திருந்த டாக்சி வந்து நின்றது.

"யாருக்கா, சாரா? லீவு ஓகேதான?"

பத்மாசனி போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். மற்றக் கையால் அவன் முதுகைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினாள்.

"யல்லா, ஓடும்! கலியாணப் படம் அனுப்பும், ஓடும்!"

டாக்சிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டி முக்கு திரும்பும் வரை பார்த்திருந்துவிட்டுப் போனைக் காதில் வைத்தாள்.

"சேர், அவர் வெளிக்கிட்டுப் போயிட்டார். நாளைக்கு நாப்பது படத்தையும் நான் வந்து மாட்டுறன், எனக்கு ஏணியில ஏறத் தெரியும். சேர்? கேக்குதா சேர்?"