ஒன்பதாம் பெட்டி, பதினேழாம் படம்

மூன்று நாளாகக் கண்ணாடிக்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலையை நிரந்தரமாக்கும் ஆணை மேசைக்கு மேசை நகர்ந்து கடைசி மேசைக்கு வந்துவிட்டது என்று ஆவண அறைக் காப்பாளர் சொன்னதிலிருந்து இதே கதைதான். உட்கார்ந்தால் எழுந்துவிடுவாள், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று முழிப்பாள். ஒன்பது வருடமாகத் தற்காலிக ஊழியம். இருப்பு எப்படிக் கொள்ளும்?

கண்ணாடிக்காரி என்பது ஆபீசில் வைத்த பெயர். மூக்கில் கண்ணாடி கிடையாது, கையில்தான் உண்டு. பொதுப்பணித் துறையின் ஆவண அறையில், அந்தக் காலத்தில் அணை, பாலம், ரயில் பாதை என்று கட்டும்போதே எடுத்த கண்ணாடி நெகட்டிவ்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. ஒவ்வொன்றாகத் துடைத்து, ஸ்கேன் செய்து, கணினியில் ஏற்றுவது அவள் வேலை. கட்டி முடித்த பாலத்தை யார் வேண்டுமானாலும் படம் எடுப்பார்கள். குழியும் சேறும் சாரமுமாகப் பாதியில் நிற்பதை எடுத்துவைத்தவன்தான் கெட்டிக்காரன். மண்ணுக்குள் மறைந்துபோனதெல்லாம் அவன் படத்தில் மட்டுமே இருக்கும்.

ஆற்றுப் பாலத்தின் பழுதுவேலைக்கு அப்படித்தான் ஒரு படம் கைகொடுத்தது. ஆற்றின் நடுவே இரண்டு தூண்கள், ஊர்க்கரைப் பக்கம் ஒன்று, அக்கரைப் பக்கம் ஒன்று. ஒரு தூண் பாறைமேல் நிற்கிறது, இன்னொன்று மணலில் அடித்த மரக்கட்டைகள்மேல் நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். எது எது என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. வரைபடங்களைக் கரையான் எப்போதோ தின்று ஏப்பம் விட்டுவிட்டது. துளை போட்டுப் பார்க்க மூன்று மாதம் ஆகும், அதற்குள் வெள்ளம் வந்துவிடும் என்று பொறியாளர் அம்மா கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, ஒன்பதாம் பெட்டியில் பதினேழாம் படம் அகப்பட்டது. தூண்களுக்குத் தோண்டிய இரண்டு குழிகளும் தண்ணீர் இறைத்துக் காய்ந்து கிடந்தன. இடப்பக்கக் குழியில் பாறை, வலப்பக்கக் குழியில் வரிசையாக மரக்கட்டை. பின்னால் வெறும் மணலும் வானமும்தான். எங்கே நின்று எடுத்தது என்று பதிவேட்டில் குறிப்பு இருந்ததால், இடப்பக்கம் ஊர்க்கரை என்று முடிவானது. பொறியாளருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இன்று பதினோரு மணிக்கு நூற்றிருபது டன் கிரேன் ஊர்க்கரைத் தூணுக்கு மேலே போய் நின்று, பாலத்தின் இரும்புச் சட்டத்தைத் தூக்கப்போகிறது.

அந்தப் படத்தின் பெரிய பிரதி ஒன்று ஆபீசில் மிஞ்சியது. அதைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அவள் கணவன் தையல்காரன். முன்னறையில் மிஷினுக்கு மேலே சுவர் காலியாக இருக்கிறதே என்று காலையில் படத்தை விரித்தவன், வாயில் ஆணியை வைத்துக்கொண்டே சிரித்தான்.

“இந்தக் கோட்டத் தைச்ச மகராசன் யாருன்னு கேட்டுச் சொல்லு. கையெடுத்துக் கும்பிடணும்.”

“எந்தக் கோட்டு?”

குழியோரம் கோட்டு மாட்டிய மேற்பார்வையாளர்கள் இருவர் விறைப்பாக நின்றார்கள். அவன் விரலை வைத்துக் காட்டினான்.

“ஆம்பள கோட்டுல இடதுபக்கத் துணிதான மேல வரும்? இவருக்கு வலதுபக்கம் மேல ஏறியிருக்கு பாரு. அவசரத்துல பொண்டாட்டி கோட்ட மாட்டிட்டு வந்துட்டார் போல. சரி, பக்கத்துல நிக்கிறவருக்குமா? ரெண்டு வீட்லயும் ஒரே நாள்ல அவசரமா?”

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த டீ டம்ளரைத் தைக்க வந்த புதுத் துணிமேலேயே வைத்தாள். வேறு நாளாக இருந்தால் அவன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பான். அவள் முகத்தைப் பார்த்ததும் ஆணியை வாயிலிருந்து எடுத்தான்.

கண்ணாடி நெகட்டிவில் ஒரு பக்கம்தான் படம் பதியும் மருந்து பூசியிருக்கும். பக்கம் தெரியாமல் புரட்டிவைத்து ஸ்கேன் செய்தால், முகக்கண்ணாடியில் தெரிகிற மாதிரி படம் இடவலம் மாறிவிடும். வழக்கமாக விரலால் தடவினாலே மருந்துப் பக்கம் தெரிந்துபோகும். ஒன்பதாம் பெட்டியில் மட்டும் யாரோ ஒரு புண்ணியவான் மருந்து உரியாமல் இருக்க வார்னிஷ் அடித்துவைத்திருந்தான். இரண்டு பக்கமும் ஒரே வழவழப்பு. அதனால் அவள் ஓரத்தில் கீறியிருந்த எண்ணை நம்பினாள். எண் நேராகத் தெரிந்தால் படம் நேர் என்பது ஆவண அறையின் வேதவாக்கு. பழைய படக்காரர்கள், பிரதி எடுக்கும்போது நேராக வரட்டும் என்று மருந்துப் பக்கத்தில் எண்ணை இடவலம் மாற்றித்தான் கீறுவார்கள். இந்தப் பெட்டிக்கு எண் போட்டவனுக்கு அந்த வித்தை தெரியவில்லை. கணக்கு நோட்டில் எழுதுவதுபோல மருந்துப் பக்கத்தில் நேராகவே எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் எழுத்து நேராகத் தெரியும்படி அவள் வைத்தாள், கோட்டும் குழியும் ஆறும் புரண்டுபோயின.

அப்படியானால் பாறை அக்கரையில் இருக்கிறது. கிரேன் ஏறப்போவது மரக்கட்டைகளின்மேல் நிற்கிற தூணில்.

“ஏங்க, மணி என்ன?”

“ஒன்பதே முக்கால்.”

பொறியாளருக்குப் போன் அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள், மறுபடியும் அதேதான். காப்பாளரைக் கூப்பிட்டாள். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சந்தேகம்தான? நிச்சயமாத் தெரியுமா?”

“கோட்டுப் பொத்தான் மாறியிருக்கு சார்.”

“பொத்தானா! இங்க பாரும்மா, உன் பைல் கடைசி மேசையில இருக்கு. சாயங்காலம் கையெழுத்தாயிடும். இன்னைக்கு ஒரு நாள் வாயத் திறக்காம இரு. நாளைக்கு நானே பக்குவமா எடுத்துச் சொல்றேன்.”

“நாளைக்கா? பதினோரு மணிக்குக் கிரேன் ஏறுது சார்.”

“நூறு வருஷமா நிக்கிற தூண். இன்னைக்கா விழுந்துடப் போகுது?”

பொய் சொல்வானேன், ஒரு நிமிடம் அவள் மனசு அந்தப் பக்கம் சாய்ந்தது. ஒன்பது வருடம் தூசியைத் தின்ற மனசு. ஒருவேளை அந்தக் காலத்தில் கோட்டை அப்படியும் தைத்திருக்கலாமே என்றுகூட அவளுக்குத் தோன்றியது. கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் படத்தைச் சுருட்டி அவள் கையில் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை வெளியே தள்ளினான்.

வழி நெடுகச் சிக்னல்கள் சதி செய்தன. பின்னால் உட்கார்ந்து அவள் அவன் தோளை உலுக்கிக்கொண்டே வந்தாள். உலுக்கினால் வண்டி வேகமாகப் போகும் என்கிற மாதிரி. பாலத்துச் சாலையை மறித்து வண்டிகளைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி நிற்பதற்குள் குதித்து, செருப்பு ஒன்று கழன்றதைக்கூடப் பார்க்காமல் ஓடினாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் கிரேன் உறுமிக்கொண்டு நின்றது. முன்சக்கரங்கள் பாலத்தின் வாயிலைத் தொட்டுவிட்டன. கீழே ஊர்க்கரைத் தூணைச் சுற்றிக் கட்டிய சாரத்தில் எட்டு ஆட்கள் ஏறி நின்றிருந்தார்கள்.

“மேடம், நிறுத்தச் சொல்லுங்க! படம் மாறிப்போச்சு!”

பொறியாளர் தலைக்கவசத்தைக் கழற்றிப் பார்த்தார். அவருக்கு அவளைத் தெரியும். படத்தைக் கொடுத்தபோது கையைப் பிடித்துக் குலுக்கியவர்தான். அவள் மூச்சிரைக்கச் சொன்னதை எல்லாம் கேட்டார், கேட்கக் கேட்க முகம் கடுத்தது.

“நீங்களே சரிபார்த்து, உங்க காப்பாளர் கையெழுத்துப் போட்டு வந்த படம். இப்ப ஒரு கோட்டுப் பொத்தான வெச்சு நூத்திருபது டன்ன நிறுத்தச் சொல்றீங்க. அந்தக் காலத்துத் தையல் அப்படின்னா?”

கிரேன்காரர் கண்ணாடிக் கதவிலிருந்து தலையை நீட்டி, “ஏத்தவா வேணாமா? ஆளாளுக்குப் பஞ்சாயத்துப் பண்ணா நான் எப்ப இறங்குறது?” என்று கத்தினார்.

படத்தை அங்கேயே சாலையில் விரித்து மண்டியிட்டாள். ஒன்பது வருடமாகப் படங்களில் அவள் தூசி பார்த்திருக்கிறாள், கீறல் பார்த்திருக்கிறாள், ஆட்களைப் பார்த்ததே இல்லை. இப்போதுதான் பார்த்தாள். குழிக்குப் பக்கத்தில் கல் கொத்துகிறவர்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒருவர் விடாமல் எண்ணினாள். அதற்குள் சாரத்து ஆட்களின் மேஸ்திரி என்னவோ ஏதோ என்று வந்து அவள் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“மேஸ்திரி, கல்லு கொத்தும்போது சுத்தியல் எந்தக் கையில இருக்கும்?”

“இதென்ன கேள்வி? சோத்துக் கையில. உளி இந்தக் கையில.”

“உங்க ஆளுங்கள்ல எத்தன பேர் இடக்கை?”

“முப்பது பேர்ல ஒருத்தன். அவனையும் ஓரமா உக்கார வெப்பேன், பக்கத்துல இருக்கிறவன் கையத் தட்டிடுவான்னு.”

“இதுல பதினோரு பேர் இருக்காங்க. பாருங்க.”

மேஸ்திரி குனிந்தார். அவருக்கு நெகட்டிவும் தெரியாது மருந்தும் தெரியாது, உளி பிடிக்கத் தெரியும். ஒவ்வொருவராக விரலை நகர்த்திக்கொண்டே போனார். பத்துப் பேர் சுத்தியலை இடக்கையில் ஓங்கியிருந்தார்கள். கடைசியில் தனியாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன் மட்டும் வலக்கையில் ஓங்கியிருந்தான். மேஸ்திரி நிமிர்ந்தார், பொறியாளரைப் பார்க்கக்கூட இல்லை. சாரத்தைப் பார்த்து அடித்தொண்டையில் கத்தினார்.

“எறங்குங்கடா! எல்லாரும் எறங்கு! போட்டது போட்டபடி எறங்கு!”

பொறியாளர் கிரேனைப் பின்னால் எடுக்கச் சொன்னார். சொல்லிவிட்டு அவளிடம் ஒரு தாளை நீட்டி, எழுதிக்கொடுங்கள் என்றார். பக்கத்தைத் தவறாக வைத்தது நான், சரிபார்த்ததும் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தூணின் அடியை வெளியிலிருந்து பார்க்க ஏற்கெனவே வந்திருந்த முக்குளிப்பவரை ஊர்க்கரைத் தூணருகே ஆற்றில் இறக்கினார்கள். குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அடி மணலை அவர் அரித்துக்கொண்டே போனார். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. வேலையில்லாமல் நின்ற ஆட்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். பொத்தானைப் பார்த்துப் பாலம் கட்டும் காலம் வந்துவிட்டது என்று கிரேன்காரர் காதுபடவே சொன்னார். அவளால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கணவன் கழன்ற செருப்பைத் தேடி எடுத்து வந்து காலடியில் போட்டான், அதை மாட்டக்கூடத் தோன்றாமல் நடந்தாள்.

முக்குளிப்பவர் மேலே வந்தார். கையை விரித்தார். ஊறிக் கறுத்த மரத்துண்டு. பொறியாளர் வாங்கிக் கட்டைவிரலால் அழுத்தினார். ஈர மண்ணைப்போல அது உதிர்ந்தது.

“எல்லாமே இப்படியா?”

“கை எட்டுன வரைக்கும் நாலு கட்டை பாத்தேன். மூணு இப்படித்தான். நாலாவது இல்லவே இல்ல, ஓட்டைதான் இருக்கு.”

பொறியாளர்தான் முதலில் வாயைத் திறந்தார். “மூணு மாசம்னு பயந்து துளை போடாம விட்டது நான். அதையும் நான் எழுதணும்” என்றார். பிறகு அவளிடம், “அந்தப் பெட்டியில வேற படம் வெளிய போயிருக்கா?” என்று கேட்டார்.

“நாலு போயிருக்கு மேடம். இப்பவே சொல்லிடுறேன்.”

போனை எடுத்தாள். அவள் அழைப்பதற்குள் காப்பாளர் அழைத்துவிட்டார். செய்தி அவளைவிட வேகமாக ஆபீசுக்குப் போயிருந்தது.

“எழுதியே குடுத்துட்டியாமே?”

“ஆமா சார்.”

“அப்ப அந்த ஆணைய மறந்துடு. இப்படி எழுதிக் குடுத்தவங்க பைல எவன் தொடுவான்? நாளைக்கு வந்து சாவியக் குடுத்துட்டுப் போ.”

கணவன் என்ன என்று கண்ணால் கேட்டான். “போச்சுங்க” என்றாள். அதற்குமேல் தாங்கவில்லை. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதாள். ஒன்பது வருடம் ஒரு வார்த்தையில் போய்விட்டது. அதைவிட, காலையில் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று நினைத்தோமே, அதை எண்ணினால்தான் அழுகை இன்னும் பொங்கியது.

இரண்டடி தள்ளி, நிறுத்திய கிரேனின் சக்கரத்தில் சாய்ந்து கிரேன்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். அந்த மரத்துண்டை அவரும் வாங்கிப் பார்த்திருந்தார். காதில் போனை வைத்திருந்தார். காலையில் கத்திய குரலா என்று இருந்தது.

“சாப்ட்டியா... இல்ல, ஒண்ணும் இல்ல... சும்மாதான் கூப்ட்டேன். ஏன், கூப்பிடக் கூடாதா? பாப்பா எங்க? அவகிட்ட குடு.”

அந்தப் பக்கம் குழந்தை நீளமாக என்னவோ சொல்லத் தொடங்கியது. கிரேன்காரர் ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ கொட்டினார். அது கதையை முடித்துவிட்டது போலிருந்தது. “அப்புறம்?” என்றார்.