படிவத்தை நிரப்பியவர்

“இத யாரு நிரப்புனது?” என்று வக்கீலம்மா கேட்டதும் நான் வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் என் இடது பக்கம் உட்கார்ந்திருந்த தம்பி, “நான்தான் மேடம்” என்றான். ஏதோ பேனாவை இரவல் கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். வலது பக்கம் இருந்த என் வீட்டுக்காரர் மூக்கால் ஒரு மூச்சு விட்டார். வேறு யார் என்று அதற்கு அர்த்தம். ஐந்து மாதமாக அவர் என் தம்பியிடம் பேசுவதில்லை. பேச வேண்டியதையெல்லாம் என்னிடம்தான் பேசுவார், அதுவும் ‘உன் தம்பி’ என்று ஆரம்பித்து.

மேசைமேல் கிடந்தது, கடைக்குத் தீ விபத்துக் காப்பீடு எடுத்தபோது நாங்கள் கொடுத்த படிவத்தின் நகல். ஏழாவது கேள்வி: எளிதில் தீப்பற்றும் பொருட்கள் கடையில் வைக்கப்படுகின்றனவா? ‘இல்லை’ என்ற கட்டத்தில் ஒரு டிக். அது நான் போட்ட டிக். எனக்கு வாய் நீளம் என்பது சொந்தபந்தம் முழுக்கத் தெரியும். காய்கறிக்காரர் என்னைப் பார்த்தாலே தராசைத் துடைத்துவைப்பார். அன்றைக்கு அந்த வாய்க்கு என்ன கேடு வந்ததோ, திறந்தது அப்படியே மூடிக்கொண்டது.

எங்களுடையது சோபா தைக்கும் கடை. பழைய சோபாவைப் பிரித்து, ஃபோம் மாற்றி, புதுத் துணி போட்டு இழுத்து அடித்துக் கொடுப்பார் அவர். இருபத்திரண்டு வருடத் தொழில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. பக்கத்துக் கடை மீட்டர் பெட்டியில் பற்றியது சுவர் தாண்டி எங்கள் பக்கம் வந்துவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூரை இல்லை. துணி, கட்டை, ஃபோம் எல்லாம் போய், எரிந்த சோபாக்களின் ஸ்பிரிங்குகள் மட்டும் வரிசையாக நின்றன. யார் யார் வீட்டு சோபா எது என்று அவர் ஸ்பிரிங்கைப் பார்த்தே சொன்னார். மின்கசிவுதான் காரணம் என்று தீயணைப்புத் துறை எழுதியே கொடுத்தது. நாங்களும் காப்பீடு இருக்கிறதே என்று கொஞ்சம் மூச்சு விட்டோம்.

கம்பெனி அனுப்பிய மதிப்பீட்டாளர் வாசலிலேயே நின்று போனில் நான்கு படம் எடுத்தார். உள்ளே வாங்க சார் என்றால், ஷூ கரியாகிவிடும் என்றார். முழுசாகப் பத்து நிமிடம் இருந்திருக்க மாட்டார். கடையே கரியாகிக் கிடக்கிறது, இந்த மகராசனுக்கு ஷூ கவலை. அதற்குப் பிறகு கடிதம்மேல் கடிதம். கொடுத்த பில்லையே திரும்பக் கொடு, போட்ட கையெழுத்தையே திரும்பப் போடு. அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரே பக்கத்தில் முடித்துவிட்டார்கள். கடையில் பசை டின்கள் இருந்ததை மறைத்தீர்கள், ஆகவே இழப்பீடு கிடையாது. கூடவே படிவத்தின் நகலையும் வைத்திருந்தார்கள்; அவர் தம்பியிடம் பேச்சை நிறுத்தியது அன்றைக்குத்தான். ஃபோம் ஒட்டுகிற பசை. மூடியைத் திறந்தால் பெட்ரோல்போல மூக்கில் ஏறும்.

படிவம் நிரப்பிய நாள் எனக்கு மறக்கவில்லை. தம்பி அந்தக் கம்பெனிக்கு ஏஜெண்டாகச் சேர்ந்த புதிது. எங்கள் சமையலறையில் உட்கார்ந்து போனில் யாரிடமோ பல்லை இளித்துக்கொண்டிருந்தான். “அக்கா, நீயே நிரப்பிடேன். எல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி” என்று படிவத்தை என் பக்கம் தள்ளினான். நானும் அடுப்பை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே நிரப்பினேன். எளிதில் தீப்பற்றுவது என்றால் பெட்ரோல், கேஸ் சிலிண்டர் என்று நினைத்துக்கொண்டேன். பசை நினைவுக்கே வரவில்லை. வீட்டுக்காரர் வந்து காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஏஜெண்டு என்ற இடத்தில் தம்பி போட்டான். மூன்று பேரில் ஒருவர்கூட அதைப் படித்துப் பார்க்கவில்லை.

வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னார். “கம்பெனிகிட்டயே மேல்முறையீடு பண்ணிப் பாத்துட்டீங்க, அது ஆகல. அடுத்தது நுகர்வோர் கோர்ட்டுதான். இவரு உங்க கடைக்கு வந்து போறவரு, டின் இருக்குறது இவருக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏஜெண்டே தன் கையால ‘இல்லை’ன்னு போட்டிருந்தா, அது கம்பெனி தலையில விழும். வாடிக்கையாளர் கையால போட்டிருந்தா, மறைச்சீங்கன்னு கதைய முடிச்சிடுவாங்க. கேஸ் நிக்கிறது இந்த ஒரு இடத்துலதான்.” பிறகு தம்பியைப் பார்த்து, “உங்க லைசென்ஸ் போயிடும், தெரியுமில்ல?” என்றார். தெரியும் மேடம் என்றான்.

மறுநாள் என் வீட்டுக்காரர் இல்லாத நேரமாகப் பார்த்துத் தம்பி வீட்டுக்கு வந்தான். அவர் அப்போது வேறொருவர் கடையில் நாள் கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தார். தன்னிடம் தொழில் கற்றவனுடைய கடையில்.

“ஏன்டா அப்படிச் சொன்ன?”

“பின்ன என்ன சொல்றது? படிச்சுப் பாக்க வேண்டியது என் வேலை அக்கா. நான் செய்யல.”

“உன் பொழப்பு போயிடும்டா.”

“பெரிய பொழப்பு. என்னைத் தெருவுல பாத்தாலே ஜனங்க எதிர்ச் சந்துக்குள்ள ஓடுறாங்க” என்று சிரித்தான். அப்புறம் குரலை இறக்கி, “மாமாகிட்ட மட்டும் சொல்லிடாத” என்றான்.

எனக்கு அழுகை வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் இன்றைக்கும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை. அவனைத் தடுத்திருக்கலாம். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான்.

இரண்டு நாள் கழித்து அவன் மனைவி பேசினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்துத்தான் போனை எடுத்தேன். திட்டியிருந்தால் தேவலை. “அண்ணன் கடை திரும்பி வந்தா போதும் அண்ணி. தப்பு பண்ணது இவருதானே. நீங்க ரெண்டு பேரும் இவரை மன்னிச்சிடுங்க” என்றாள். சின்னவளுக்குப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டியிருக்கும் போலிருக்கிறது என்பதையும் போகிறபோக்கில் சொன்னாள். நான் சரிம்மா, சரிம்மா என்றேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் கையில் இருந்த துணியை முறுக்கியே கிழித்திருக்கிறேன்.

கையெழுத்துப் போட வரச் சொன்ன அன்றைக்கு இரண்டு வாக்குமூலங்கள் தயாராக இருந்தன. ஒன்று தம்பியுடையது. அவன் வாசிக்கக்கூட இல்லை, போட்டுவிட்டு நகல் எடுக்கக் கீழே கடைக்குப் போனான். இன்னொன்று என்னுடையது. அப்படி ஒன்று இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. “நிரப்புனப்ப வீட்டுல இருந்தது நீங்க ரெண்டு பேருதானேம்மா. நீங்களும் சொன்னாத்தான் பலம்” என்றார் வக்கீலம்மா. ‘என் தம்பி தன் கையால் படிவத்தை நிரப்பியதை நான் நேரில் பார்த்தேன்’ என்று அதில் டைப் அடித்திருந்தார்கள். “பொய்னு வந்தா கேஸ் நம்ம பக்கமே திரும்பிடும். அதனால யோசிச்சுப் போடுங்க” என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தண்ணீர் வேண்டும் என்று எழுந்து வெளியே வந்தேன். மாடியில் நீளமான நடை, அதன் ஓரத்தில் இரும்புக் கம்பி. பேனா கையிலேயே வந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் பின்னாலேயே தம்ளரோடு வந்தார்.

“அந்தப் படிவம்,” என்றேன். “அது அவன்...”

“தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“கம்பெனிக்காரன் நகல் அனுப்புனான் பாரு, அன்னைக்கே தெரியும். இருபது வருஷமா ஒவ்வொரு சோபாவுக்கும் சீட்டு எழுதி ஒட்டுனவ நீ. உன் எழுத்து எனக்குத் தெரியாதா?”

தம்ளரைக் கையில் வாங்கினேனே தவிரக் குடிக்கவில்லை. ஐந்து மாதம். என் தம்பி வாசலில் வந்து நின்றபோதெல்லாம் இந்த மனிதர் எழுந்து உள்ளே போனார். அவன் வாங்கிவந்த பழத்தைத் தொடவில்லை. அத்தனையும் தெரிந்தே.

“தெரிஞ்சுமா அவனைப் போட்டு அந்தப் பாடு படுத்துனீங்க?”

அவர் பசை அப்பி அப்பித் தோல் தடித்துப்போன விரல்களால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு கோணியது.

“யார் மேலயாவது கோவப்படணும்போல இருந்துச்சு. உன் மேல கோவப்பட்டுட்டு நான் எங்க போய் உக்காருவேன், சொல்லு” என்றார்.

உள்ளேயிருந்து வக்கீலம்மா, “அம்மா, வர்றீங்களா?” என்று கூப்பிட்டார். நான் அசையவில்லை. அவரும் அசையவில்லை. கீழே தெருவில் என் தம்பி நகல்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு தன் ஸ்கூட்டர் முன்னால் குந்தியிருந்தான். முகப்பில் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். மேல்தாள் மட்டும் கீற்றுக் கீற்றாக வந்தது, அடியிலிருந்த வெள்ளைத் தாள் வரவில்லை. விரலில் எச்சில் தொட்டு, அந்த வெள்ளையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.