சோப்பில் பதிந்த பன்னிரண்டு ஓட்டைகள்

1

இந்தக் கதை ஒரு சோப்புக் கட்டியிலிருந்து வந்தது. மழை, ஜன்னல், தூரத்தில் ரயில் என்று கௌரவமாக ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் குளியலறைச் சோப்பில் பன்னிரண்டு சின்ன ஓட்டைகள் வரிசையாக இருந்தன. தேய்ந்து தேய்ந்து இப்போது நாலைந்துதான் தெரிகின்றன. அவையும் போவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எழுத்து எனக்குத் தாமதமாக வந்தது. மீசை நரைக்க ஆரம்பித்த பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டேன். பகலெல்லாம் மூட்டை தூக்கிய கை பேனாவைக் கடப்பாரை மாதிரி பிடிக்கிறது. அதனால் வாக்கியங்கள் குட்டையாக இருக்கும்.

2

தொடக்கம்: "அக்காவின் விரல்கள் உலகத்தின் எல்லா இயந்திரங்களையும்—"

வேண்டாம். அக்கா படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இன்னொன்று: "ரோபோ என்பது மனிதன் தன்னைத்தானே—"

இதுவும் வேண்டாம். எனக்கே தெரியாததை உங்களுக்கு எப்படிச் சொல்வது?

மூன்றாவது: அக்கா பிளக்கை வெட்டிவிட்டாள்.

இது நிற்கும்.

3

அக்கா பிளக்கை வெட்டிவிட்டாள். பழைய பிரிண்டர், கம்ப்யூட்டர், டிவி எல்லாவற்றையும் பிரிக்கிற கொட்டகையில் அவளுக்கு வேலை. எனக்கும் அங்கேதான், மூட்டை தூக்க. பெஞ்சுக்கு எது வந்தாலும் முதலில் வயரை வெட்ட வேண்டும். வயர் ஒரு தொட்டிக்கு, போர்டு ஒரு தொட்டிக்கு, வயர் முனையில் பிளக் மாதிரி இருக்கும் கனெக்டர் பிளாஸ்டிக் தொட்டிக்கு. வருஷக்கணக்காக இதே வேலை. கட்டரைப் பிடித்தால் கை யாரையும் கேட்காது.

அன்று பிரிண்டரிலிருந்து வந்த போர்டு, மோட்டாரை ஓட்டுகிற போர்டு. இத்தனை நாள் அவள் தேடிக்கொண்டிருந்தது. முதலாளியிடம் கேட்டாள், எடுத்துக்கொள் என்றார். சந்தோஷமாகத் திரும்பி வந்தாள், உட்கார்ந்தாள், 'டிக்' என்று வயரை வெட்டினாள். வெட்டிய முனை தொட்டிக்குள் போன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டேய் தம்பி, அந்தத் தொட்டி எங்கடா?"

"இப்பதான் அரைக்கிற மில்லுல கொட்டிட்டு வரேன். ஏன்க்கா?"

அவள் கையிலிருந்த போர்டை நீட்டினாள். போர்டில் பன்னிரண்டு ஊசிகள் ஒரே வரிசையில் நின்றன. அதன்மேல் வந்து உட்கார வேண்டிய கனெக்டர் தூளாகிப் போயிருந்தது. அது என்ன வகை என்று போர்டிலும் எழுதவில்லை.

4

அவளுக்கு எதற்கு ரோபோ என்று கேட்பீர்கள். (நானும் கேட்டேன். "உனக்கு எதுக்குடா கதை?" என்றாள்.)

ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். பொழுதுபோக்காக ரோபோ செய்பவர்களைக் கூட்டி ஒரு போட்டி நடத்துகிறார். யார் வேண்டுமானாலும் வரலாம். தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்து ரோபோ தானாக ஒரு சுற்று ஓட வேண்டும். அவர் கடையில் பழுது பார்க்கும் வேலை கிடைக்குமா என்று அக்கா ஒருமுறை கேட்டாள்.

"உடைக்கிற கைய நம்பி எப்படிம்மா பூட்டுற வேலையக் குடுக்கறது?" என்றார் சிரித்துக்கொண்டே. பிறகு கொஞ்சம் யோசித்தார். "சரி, ஒரு ரோபோ செஞ்சு கொண்டா. ஒரு சுத்து சுத்தட்டும். மறுநாள் வந்து என் பெஞ்சுல உக்காரு."

கொட்டகையில் தூசி. அக்காவுக்கு இருமல். மருத்துவர் வேலையை மாற்றச் சொல்லி வெகுநாள் ஆயிற்று.*

* இந்த இடத்தில் இருமலைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டு, "என்னடா, நான் செத்துட்ட மாதிரி எழுதியிருக்க? இருமலத் தூக்கு" என்றாள். தூக்கிவிட்டேன். இனி இந்தக் கதையில் யாரும் இரும மாட்டார்கள்.

5

போட்டிக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. வயரை முறுக்கிக் கட்டக் கூடாது, பசை போட்டு ஒட்டக் கூடாது. எல்லாம் கனெக்டரில்தான் சொருகியிருக்க வேண்டும். ஆக, அந்தக் கனெக்டர் என்ன வகை என்று தெரிந்தே ஆக வேண்டும். போனில் படம் பிடித்து ரிப்பேர் கடைக்காரருக்கு அனுப்பினோம்.

"படத்துல அளவு தெரியாதும்மா," என்றார். "இதே மாதிரி ரெண்டு வகை இருக்கு. ஒண்ணுல ஊசிக்கு ஊசி ரெண்டரை மில்லி. இன்னொண்ணுல அதுக்கு மேல ஒரு முடி ஜாஸ்தி. போர்டக் கொண்டாங்க."

போர்டு அதற்குள் ரோபோவின் வயிற்றில் சக்கரங்களோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டது. ரோபோவைத் தூக்கிக்கொண்டு நான் போகிறேன் என்றேன்.

"நீயா? மூட்டைய எறக்கற மாதிரி தொப்புன்னு போடுவ. கைய எடு."

அவளுக்கோ கொட்டகையில் விடுப்பு இல்லை. அப்போதுதான் சோப்பு யோசனை வந்தது. சாவிக்கு அச்சு எடுப்பார்களே, அது மாதிரி. புதுச் சோப்பை ஊசிகளின் மேல் வைத்து அமுக்கினாள். பன்னிரண்டு ஓட்டைகள், அச்சு அசலாக.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "குளிக்கிற சோப்புல எதுக்குங்க இத்தன ஓட்ட?" என்று மனைவி கேட்டாள். சொன்னேன். அக்காவின் காரியம் என்றதும் அவளுக்கு அக்கறை வந்துவிட்டது. ஈரமாக இருந்தால் அச்சு அழிந்துவிடும் என்று, எனக்கு விடுப்பு கிடைத்துக் கடைக்குப் போகும் நாள்வரை ஜன்னல் கட்டையில் வெயில் படும்படி வைத்தாள்.

6

போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம் கடைக்காரர் இரண்டு வகைக் கனெக்டரையும் சோப்பின் மேல் வைத்துப் பார்த்தார். ஒன்று பொருந்தவில்லை. ரெண்டரை மில்லி கச்சிதமாக உட்கார்ந்தது.

"இதான். சந்தேகமே இல்ல."

(இரண்டையும் வாங்கியிருக்கலாமே என்கிறீர்களா? அக்காவும் அதைத்தான் கேட்டாள், கொஞ்சம் காரமாக. அப்போது தோன்றவில்லை. சோப்பு அவ்வளவு நிச்சயமாகச் சொன்னது.)

அக்காவிடம் கொண்டுவந்து சொருகினால் முதல் ஊசி உள்ளே போனது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவதும் போயின. ஐந்தாவதில் இடித்தது. மறுமுனையிலிருந்து சொருகிப் பார்த்தாள். அங்கேயும் அதே கதை.

அக்கா சோப்பை எடுத்து ஊசிகளின் மேல் திரும்ப வைத்தாள். அதுவும் உட்காரவில்லை.

"சோப்பு சுருங்கிடுச்சுடா."

காய்ந்தால் சோப்பு சுருங்கும். ஓட்டைக்கு ஓட்டை ஒரு முடியளவுதான். ஆனால் பன்னிரண்டாவது ஓட்டைக்கு வருவதற்குள் அது பெருகிவிடுகிறது. கடைக்காரருக்குப் போன் செய்தோம். கடையைப் பூட்டிவிட்டுப் போட்டி நடக்கும் மண்டபத்தில் கோடு ஒட்டிக்கொண்டிருந்தார். சத்தத்தில் போன் காதில் விழவில்லை போல.

7

எழுதும்போது எனக்கு இந்த இடத்தில்தான் சங்கடம். நான் செய்வதும் சோப்பு வேலைதானே? நடந்ததன் மேல் அமுக்கி அச்சு எடுத்துக்கொண்டு வந்து, காய்ந்த பிறகு உங்களிடம் காட்டுகிறேன். அக்கா அன்று சொன்ன சொல்லுக்கும் நான் எழுதிய சொல்லுக்கும் ஒரு முடியளவு வித்தியாசம் இருக்கலாம். ஒரு வாக்கியத்தில் தெரியாது. பத்துப் பக்கம் போனால் இடிக்கும்.

முதலில் இதை ஒரே ஓட்டமாகத்தான் எழுதினேன். பாதிக்கு மேல் அக்கா வேறு யாரோ ஒரு பெண்ணாகிவிட்டாள், நீளமாகப் பேசினாள், வானத்தைப் பார்த்தாள். அக்கா வானத்தைப் பார்க்கிற ஆளே இல்லை. கிழித்துப் போட்டேன்.

8

சோப்பு சுருங்கிய பிறகு என்ன நடந்திருக்கலாம்?

ஒன்று: நான் ஓடிப்போய்க் குப்பையில் தேடி அதே கனெக்டரைக் கண்டெடுக்கிறேன். (கேட்க நன்றாக இருக்கிறது. மில்லில் அரைபட்டதை எப்படிக் கண்டெடுப்பது?)

இரண்டு: அக்கா மனமுடைந்து ரோபோவை—

இல்லை. நடந்தது இதுதான். அக்கா கட்டரை எடுத்தாள்.

"என்னக்கா பண்ற?"

"வெட்டப் போறேன்."

"மறுபடியுமா!"

"மூணு ஊசி வரைக்கும் சிரமமில்லாம உட்காருதுல்ல? அப்ப மூணு மூணா வெட்டிட்டா?"

கனெக்டரை நாலு துண்டாக வெட்டினாள். வெட்டின பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்தாள். ஒவ்வொரு துண்டும் அதனதன் மூன்று ஊசிகளில் போய் உட்கார்ந்தது. ஒரு துண்டின் பிசகு அடுத்த துண்டுக்குப் போகவில்லை.

பேட்டரியைப் போட்டோம். சக்கரம் சுழன்றது. அவள் சிரிக்கவில்லை. "கொக்கி போச்சுடா," என்றாள்.

கனெக்டர் கழன்று வராமல் பிடித்துக்கொள்ள இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கொக்கி உண்டு. ஓரத்துத் துண்டுகளுக்கு அது இருந்தது. நடுவில் இருக்கும் இரண்டுக்கும் எதுவுமில்லை, வெறும் இறுக்கம்தான். ஓட விடுவதற்கு முன் ரோபோவைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குவார்கள். ஒரு வயர் கழன்றாலும் வெளியே.

(இந்தக் கதையை ஏன் துண்டு துண்டாக எண் போட்டு எழுதியிருக்கிறேன் என்று இப்போது தெரிந்திருக்கும். நடுத்துண்டுகளுக்குக் கொக்கி இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.)

9

மண்டபத்தில் வெள்ளைத் தரை, கறுப்புக் கோடு, மேலே பெரிய மின்விசிறி. கடைக்காரர் கழுத்தில் அட்டை தொங்க ஒவ்வொரு ரோபோவாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் மேசைக்கு வந்து குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது, நாலு துண்டா இருக்கு?"

"சோப்பு சுருங்கிடுச்சுங்க."

ஒரு கணம் யோசித்தார். புரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். "அட, நானும்ல ஏமாந்துட்டேன்." பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டார். "அதுக்காக விட முடியாது. குலுக்கணும்."

"குலுக்குங்க. அதுக்குத்தானே கொண்டாந்திருக்கோம்."

ரோபோவைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்தார்.

10

முடிவு எனக்குத் தெரியும். இரண்டு தடவை எழுதியும் பார்த்தேன். இரண்டு தடவையும் அக்கா படித்துவிட்டு, "இப்படியா இருந்துச்சு?" என்றாள். தப்பு என்று சொல்லவில்லை. ஒரு முடி அளவு. அதனால் மூன்றாம் தடவை எழுதவில்லை.

உங்களிடம் இருப்பது இவ்வளவு: வெட்டிப் பழகிய ஒரு கை, நாலு துண்டு, ஓரத்தில் மட்டும் கொக்கி, மறுநாள் காலியாக இருக்கும் ஒரு பெஞ்சு. அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். இப்போது மட்டும் அவளுக்கு இரு—

இல்லை, அதைத்தான் எடுத்துவிட்டேனே.

கடைக்காரரை நகரச் சொல்லிவிட்டேன். ரோபோ உங்கள் கையில் இருக்கிறது. கெட்டியாகப் பிடியுங்கள், சக்கரம் மேலே இருக்கட்டும். அவள் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, நடுவில் இருக்கும் அந்த இரண்டு துண்டுகளைத்தான் பார்க்கிறாள்.

குலுக்குங்கள்.