வலப்பக்கத்து டயர்

லாரிக்காரனுக்குத் தன் நிழல் பின்னால் வந்தாலும் யாரென்று திரும்பிப் பார்க்கும் சுபாவம். அதிலும் டயர் கடை வைத்திருப்பவர் பெண்டாட்டியின் அண்ணன். எப்போதோ அவர் கொடுத்த பேட்டரி மூன்றே மாதத்தில் உயிரை விட்டதிலிருந்து இவன் சூடு கண்ட பூனை.

மறுநாள் மலைக்கு மேலேயுள்ள ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பெட்டிகள் ஏற்றிப் போக வேண்டும். நாலு நாளாக விடாத மழை. முன் டயர் இரண்டும் மொட்டை. வேறு கடையில் வாங்கினால் வீட்டில் யார் பதில் சொல்வது? மச்சான் கடைக்கே வண்டியை விட்டான்.

"இது மழைக்குன்னே வர்ற டயர், மாப்ள. இந்தப் பள்ளமெல்லாம் தண்ணிய ரெண்டு பக்கமும் தள்ளிட்டு ரோட்டக் கவ்விப் பிடிக்கும். அம்புக்குறி போட்டிருக்கு பாருங்க, அந்தப் பக்கமாத்தான் சுத்தணும்."

அவர் விளக்கியது எதுவும் இவன் காதில் ஏறவில்லை. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிடப் போகிறாரே என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தயாரான தேதியைத் தேடினான். மாட்டிய இடப்பக்கத்து டயரில் இருந்தது, போன மாதத்துத் தேதி. வலப்பக்கம் போய்க் குனிந்தான். இல்லை.

"இதுல தேதியக் காணோமே, மச்சான்?"

"உள்பக்கம் இருக்கும். ஒரு பக்கந்தான் அச்சடிப்பான். அம்புக்குறிப்படி மாட்டினா ஒரு டயர்ல அது உள்ள போயிரும்."

அங்கே வெளியே, இங்கே உள்ளேயா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள்!

"அவ்வளவு நல்ல டயர்னா நாளைக்கு நீங்களும் கூட வாங்களேன்."

"வந்தாப் போச்சு. மடியில கனமில்ல, வழியில என்ன பயம்?" என்று மச்சான் சிரித்தார்.

உடனே ஒப்புக்கொண்டதும் இவனுக்குப் பிடிக்கவில்லை. நல்லவனாக இருந்தால் கொஞ்சமாவது யோசித்திருப்பான் அல்லவா?

நேரே வீட்டுக்குப் போகாமல் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினான். வலப்பக்கத்துச் சக்கரத்தைக் கழற்றி, டயரை ரிம்மிலிருந்து பிரித்து, எங்காவது ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று உள்ளே கையை விட்டுத் தடவினான். ஒன்றுமில்லை. தேதியும் மற்றதில் இருந்த அதே தேதி. வேறொருத்தனாக இருந்தால் வெட்கப்பட்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பான்.

"தேதி வெளிய தெரியற மாதிரி திருப்பி மாட்டுப்பா. நாளப் பின்ன சத்தமில்லாம வேற டயர மாத்திட்டா எனக்குத் தெரியணும்ல?"

பஞ்சர்காரர் எதையும் பார்க்காமல் சொன்னபடி மாட்டிக் கொடுத்தார்.

காலையில் மச்சான் பிளாஸ்க்கில் டீயோடு ஏறி உட்கார்ந்தார். ஏற்றத்தில் வெறும் தூறல், வண்டி ஒழுங்காகத்தான் போனது. பெட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் மழை கொட்டத் தொடங்கியது. ஒரு வளைவில் ரோட்டை மூடித் தண்ணீர் நின்றது. பிரேக்கை மிதித்தான். வலப்பக்கச் சக்கரம் தண்ணீர்மேல் மிதந்தது, இடப்பக்கம் மட்டும் பிடித்தது. லாரி இடப்பக்கத்துப் பள்ளத்தாக்கை நோக்கி இழுத்துக்கொண்டு போய், விளிம்புக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றது.

மச்சான் நனைந்தபடியே இறங்கி வலப்பக்க டயரின் முன் குந்தினார். அம்புக்குறி பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"திருப்பி மாட்டிட்டேனே, மாப்ள! இத்தனை வருஷத்துல இப்படியொரு தப்பு பண்ணதில்ல. உங்களுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா தங்கச்சி மூஞ்சில எப்படி முழிப்பேன்? மன்னிச்சிருங்க."

இவன் பேசாமல் இருந்தாலே போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பெரியவர் தன்னைப் பார்த்துக் கைகூப்பியதை இவனால் தாங்க முடியவில்லை.

"நீங்க சரியாத்தான் மாட்டினீங்க. நேத்து பஞ்சர் கடையில நான்தான் திருப்பச் சொன்னேன்."

"எதுக்கு?"

"தேதி வெளிய தெரியணும்னு. உங்க மேல நம்பிக்கையில்ல, மச்சான்."

மச்சான் கூப்பிய கையைக் கீழே விட்டார். திட்டுவார் என்று இவன் காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவர் முகத்து மழையை வழித்துவிட்டு எழுந்தார்.

"ஸ்டெப்னிய இறக்குங்க, டிரைவர்," என்றார்.