குழாப்புட்டு ராக்கெட்

முத்துசெல்விக்கு ஆராய்ச்சி வேலை கிடைத்ததில் தென்காசி வீட்டில் யாருக்கும் வருத்தமில்லை. கடிதத்தில் இருந்த 'அணு' என்ற சொல்தான் எல்லோரையும் படுத்தி எடுத்தது. விண்கலத்தை அணுசக்தியால் ஓட்டும் எஞ்சின் பற்றிய ஆராய்ச்சி. உத்தரவாதப் படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும், அன்றைக்குத்தான் கடைசி நாள். அப்பா சொரிமுத்துவோ ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. கல்யாண வீட்டுப் பட்டாசைக்கூட சந்தேகமாகப் பார்க்கிற மனுஷர்.

"குண்டைக் கட்டிக்கிட்டுப் போறதுக்கு நான் கையெழுத்துப் போடணுமாக்கும்? மேல போயி வெடிச்சா, குத்தாலத்துல குளிக்கவன் தலையிலல்லா விழும்!"

"யப்பா, அது குண்டு இல்ல, அடுப்பு மாதிரி. சாதா ராக்கெட்டுல மேல போன பொறவுதான் அத ஓட விடுவாவ. உள்ள எதுவும் எரியாது. அணு உலைச் சூட்டுல வாயு பின்னால சீறும், கப்பல் முன்னால போவும். குளிச்சிட்டு வாங்க, கண்ணால காட்டுதேன்."

அவர் துண்டோடு ஐந்தருவிக்குக் கிளம்பினார். முத்துசெல்வி கூடத்தில் கரண்ட் அடுப்பை வைத்து, செங்கோட்டையில் வாங்கிய குழாப்புட்டுப் பானையில் தண்ணீர் ஊற்றி ஏற்றினாள். நெட்டுக்குத்தாக நிற்கும் குழாயின் வாயில் காகித ராக்கெட்டைக் கவிழ்த்தால், ஆவி வந்ததும் அது எழும்பும். அவ்வளவுதான் திட்டம். அப்பா வருகிற நேரம் பார்த்து அடுப்பைப் போட்டுவிட்டு, ராக்கெட் ஒட்டப் பசை தேடி மாடிக்குப் போனாள்.

அந்த நேரம் பார்த்தா அம்மா தங்கத்தாய் வர வேண்டும்? வெறும் புட்டுக்குழாய் அடுப்பில் நிற்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிற கையா அது? "மாவு போடக்கூடத் தெரியல இந்தப் பிள்ளைக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டு, மாவும் தேங்காயுமாக இறுக்கி இறுக்கித் திணித்தாள். மகள் ஊருக்குப் போகப்போகிற பாசத்தில் ஒரு பிடி கூடுதல் வேறு.

மாடியிலிருந்து திரும்பி வந்த முத்துசெல்வி குழாய்க்குள் எட்டிப் பார்த்தாளா என்றால், இல்லை. படித்த பிள்ளைகளே இப்படித்தான். ராக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு நின்றாள். சொரிமுத்துவும் வந்து, படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று, ராக்கெட் அசையக் காணோம்.

"என்னட்டி, ஒன் கப்பல் ஒறங்குதா?"

முத்துசெல்வி அடுப்பின் குமிழைத் திருகிச் சூட்டைக் கூட்டினாள்.

டுமீல்! ராக்கெட்டைத் தலையில் சுமந்துகொண்டு ஒரு சாண் புட்டு எழும்பி, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியில் மோதியது. அப்புறம் கூடமெல்லாம் புட்டு மழைதான். ஏட்டய்யாவின் வழுக்கை, மீசை, மடியில் இருந்த படிவம் எதுவும் தப்பவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று முத்துசெல்விக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஐயய்யோ, என் புட்டு!" என்று தங்கத்தாய் அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

குற்றவாளி யாரென்று ஏட்டுக்குத் தெரிந்துபோயிற்று. மெதுவாக எழுந்து பானையைச் சுற்றி வந்து மோந்து பார்த்தார்.

"எதுவும் எரியலல்லா?"

"எரியலப்பா. வெறும் ஆவிதான். அது போற வழியத்தான் அம்மா அடைச்சிட்டா."

மீசையில் ஒட்டியிருந்ததை எடுத்து வாயில் போட்டு மென்றார். "நல்லாத்தான்ட்டி வெந்திருக்கு."

படிவத்தை உதறிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் ஒரு தேங்காய்ப்பூ ஒட்டியபடியே இருந்தது.

"போயிட்டு வா தாயி. ஆனா ஒண்ணு, அங்கன ராக்கெட்டு கிளம்புத அன்னைக்கு ஒங்கம்மாவ மட்டும் கூட்டிட்டுப் போயிராத."