ஜெலட்டின் ஒரு பாக்கெட்

பக்கத்து வீட்டுப் பரிதா குரோம்பேட்டை மார்க்கெட்டுக்குப் போகும் பதினொரு மணியைத்தான் தனம் பத்திரிகைக்குக் குறித்துக் கொடுத்திருந்தாள். நிருபர் சம்பத் பத்துக்கே வந்துவிட்டார். அதைவிட மோசம், அவரைக் கூட்டி வந்ததே பரிதாதான்.

“தப்பா எங்க வீட்டுக் கதவைத் தட்டிட்டாரு. சமையல் போட்டியில உங்களுக்கு முதல் பரிசாமே. சொல்லவே இல்லியேக்கா?”

தனம் சிரித்துவைத்தாள்.

மேஜைமேல் கண்ணாடிக் கிண்ணம். அடியில் வெண்ணெயில் பிசைந்து அழுத்திய மேரி பிஸ்கட் தூள். அதன்மேல் எலுமிச்சை பிழிந்து கெட்டியான கண்டென்ஸ்டு மில்க். உச்சியில் கண்ணாடி மாதிரி மஞ்சள் பாளம். அடுப்பு வெந்நீருக்கு மட்டும், மீதி வேலை ஃபிரிட்ஜுடையது.

“அட, நம்ம எலுமிச்சைப் பாசி” என்றாள் பரிதா சந்தோஷமாக.

போன ரம்ஜானுக்கு, பக்கத்தில் நிற்க வைத்து அவள் சொல்லிக்கொடுத்தது. கடலில் விளையும் தாவரமான கடல்பாசியை எவ்வளவு நேரம் கரைய விடவேண்டும், எந்தச் சூட்டில் ஊற்றினால் வெள்ளை அடுக்கு கலங்காது, எல்லாம். தனம் அதற்கு ‘லெமன் சூஃப்ளே’ என்று பெயர் சூட்டிப் போட்டிக்கு அனுப்பினாள். கடல்பாசி என்று எழுதினால் நோன்புப் பதார்த்தமாயிற்றே, யாரிடம் கற்றாய் என்று தெருவே கேட்கும். ஏதோ ஆங்கிலப் புத்தகத்தில் இனிப்பை இறுகவைக்கச் சொல்லியிருந்த ‘ஜெலட்டின்’ என்ற வார்த்தையை அந்த இடத்தில் போட்டாள். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தாள்.

சம்பத், தனம் போட்டிக்கு அனுப்பிய கடிதத்தைப் பிரித்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

“நானே யோசிச்சதுதான் சார்.”

பரிதாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. தனம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“மேல் அடுக்குக்கு ஜெலட்டின் ஒரு பாக்கெட். சரிதானே?”

“ஆமா சார். ஜெலட்டின்தான்.”

பரிதா குறுக்கிட்டாள், தயங்கித் தயங்கி. “அக்கா, அது மாடு, பன்னியோட தோல், எலும்பு காய்ச்சி எடுக்கறது. எங்க வீட்டுக்காரர் தோல் கம்பெனியில இருக்காரே, அவரு சொல்லியிருக்காரு.”

சம்பத் கேமராவை இறக்கினார். பரிசு சைவ இனிப்புப் பிரிவில் ஆயிற்றே என்றார்.

ஜெலட்டின் என்றால் சைவம் போச்சு. கடல்பாசி என்றால் பொய் அம்பலம்.

“கை தவறி எழுதியிருப்பாங்க சார்” என்றாள் பரிதா. “கடல்பாசின்னு திருத்திக்குங்க.”

திருத்திக்கொண்டார். கேமரா ஒருமுறை பளிச்சிட்டது. அடுத்த படத்துக்குச் சிரிக்கச் சொன்னார். தனம் சிரித்தாள்.

சாயங்காலம் தனம் அதில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அது பரிதாவுடையது என்று எழுதியிருக்க வேண்டும், நாளைக்கே பெயரை மாற்றச் சொல்லிக் கடிதம் போடுகிறேன் என்று வாசற்படியிலேயே கொட்டிவிட்டாள். பரிதா குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

“பேர் போகட்டும்க்கா.” கிண்ணத்தை வாங்க அவள் கை நீளவில்லை. “இதுல நிஜமா என்ன போட்டிருக்கீங்க?”

ஆறு வருஷம். பொங்கலோ, தீபாவளியோ, சாதாரணச் செவ்வாய்க்கிழமையோ, தனம் வீட்டிலிருந்து எது வந்தாலும் மூடியைத் திறந்து அப்படியே பிள்ளைக்கு ஊட்டுபவள் பரிதா. இந்தக் கேள்வியை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

“கடல்பாசிதான் பரிதா.”

“காலையில ஜெலட்டின்னு சொன்னப்பவும் இதே மாதிரிதான்க்கா சொன்னீங்க.”

குத்தலே இல்லாமல் சொன்னாள். தனம் கிண்ணத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு படியிறங்கினாள், தெருவில் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்பதுபோல.